சென் ஹெலினாத் தீவின் பொருளாதார நிலையும் வந்துறைவோர் வாழ்க்கைச் செலவும்

ஒரு நாட்டின் செல்வநிலையை அதன் மண்வளமும் நீர்வளமும் மாத்திரம் நிருணயிப்பதில்லை. அந்நாடு எந்த வழியில் அமைந்துள்ளது, அவ்வழியே வருவோர் யாவர், அவர் கொண்டுவரும் பொருள் யாது, விட்டுச்செல்லும் பொருள் யாது என்பனவும் சேர்ந்தே அதனை நிருணயிக்கின்றன. பெரிய தேசங்களின் வரலாற்றில் இவ்வுண்மை பல காரணங்களுக்கிடையே மறைந்து கிடக்கும். சிறிய தீவொன்றின் வரலாற்றிலோ அது வெள்ளிடைமலைபோல் விளங்கும். அத்தகைய தீவுகளுள் ஒன்று தென் அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள சென் ஹெலினா.

இத்தீவின் பரப்பு ஏறக்குறைய 122 சதுர கிலோமீற்றர். ஆபிரிக்காவின் தென்மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர் தொலைவிற் கடல் நடுவே எழுந்து நிற்கும் எரிமலைப் பாறை இது. அண்மையிலுள்ள நிலமாகிய அசென்சன் தீவும் வடமேற்கே 1,300 கிலோமீற்றருக்குக் குறையாத தூரத்திலுள்ளது. நெப்போலியன் சிறையிருந்து இறந்த இடம் என்ற அளவிலேயே பலர் இதனை அறிவர். பொருளியல் நோக்கில் ஆராய்வார்க்கு இது கற்பிக்கும் பாடம் வேறு. ஐந்நூறு ஆண்டுகளாக இத்தீவிற் செலவழிந்த பணத்திற் பெரும்பகுதி தீவில் உண்டானதன்று; புறத்தேயிருந்து சில காலம் உறைய வந்தோரின் பொருட்டு வந்த பணமாகும். அவர் உறைந்த காலத்தில் தீவு தழைத்தது. அவர் அகன்ற காலத்தில் வாடியது. ஆனால் விலைவாசியின் சுமையை இரு காலத்தும் சுமந்தவர் தீவின் குடிகளேயாவர்.

குடியேற்றத்தின் தொடக்கம்

1502ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் திகதி இந்தியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த போர்த்துக்கேயக் கப்பற்றலைவன் ஜுவாவோ த நோவா இத்தீவைக் கண்டான் என்பது மரபு. அக்காலத்தில் இங்கு மனிதர் வாழ்ந்திலர். போர்த்துக்கேயர் ஆடுகளையும் பன்றிகளையும் விட்டுப் பழமரங்களை நட்டனர். நிலையான குடியேற்றம் அமைத்தாரல்லர். தாயகம் திரும்பும் கப்பல்கள் நன்னீரும் பழமும் இறைச்சியும் கொள்ளும் இடமாகவே அவர் இதனைக் கருதினர். கோவையில் அல்புக்கேர்க்கின் ஆணையால் அங்கம் குறைக்கப்பட்ட பெர்னாவோ லோப்பஸ் என்னும் போர்வீரன் ஏறக்குறைய 1516ஆம் ஆண்டில் இங்கு வந்திறங்கி, 1545ஆம் ஆண்டில் இறக்கும்வரை பெரும்பாலும் தனியனாய் வாழ்ந்தான். புறநாட்டினின்று வந்து இத்தீவில் உறைந்தோருள் முதல்வன் அவனே. அவனுக்கு வாடகையும் இல்லை, விலைவாசியும் இல்லை. வழிச்செல்லும் கப்பலினர் விட்டுச்சென்ற பொருளும் தன் கையால் விளைத்த பொருளுமே அவனது வருவாய். பின்வந்த நூற்றாண்டுகளில் தீவு வாழ்ந்த முறையின் வித்து அவன் வாழ்க்கையிலேயே காணப்படுகின்றது.

1657ஆம் ஆண்டிற் குரொம்வெல் வழங்கிய பட்டயத்தின்படி, 1659ஆம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பனியார் யோன் டட்டன் என்பவரின் தலைமையில் இங்கு கோட்டை கட்டினர். 1673ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் தீவைக் கைப்பற்றினர். சில மாதங்களுள் ஆங்கிலேயர் மீட்டுக்கொண்டனர். கோட்டையடியிற் பள்ளத்தாக்கொன்றில் அமைந்த யேம்ஸ்ரவுண் தலைநகராயிற்று. குடியேற வந்தோர்க்குக் கும்பனியார் நிலம் அளித்தனர். ஆபத்துக் காலத்தில் ஆயுதந் தாங்கிக் காவல் புரிய வேண்டுமென்பது அதற்குரிய கடப்பாடு. உழைப்புக்கு மடகாஸ்கர் முதலிய இடங்களிலிருந்து அடிமைகள் கொணரப்பட்டனர்.

கும்பனியார் காலத்துப் பண்டசாலை

கும்பனியார் இத்தீவைப் பேணியது இலாபங் கருதியன்று. கீழைநாடுகளிலிருந்து சரக்கேற்றித் திரும்பும் மரக்கலங்களுக்கு நீரும் காய்கறியும் காவலும் வேண்டியிருந்தன. ஆதலின், தீவின் செலவு கும்பனியாரின் கிழக்கிந்திய வாணிகச் செலவின் ஒரு பகுதியாகவே கணிக்கப்பட்டது. உத்தியோகத்தரும் படைவீரரும் கும்பனிப் பண்டசாலையில் மாவும் அரிசியும் உப்பிட்ட இறைச்சியும் பெற்றனர். தோட்டக்காரர் தம் ஆடுமாடுகளையும் கோழிகளையும் கிழங்குகளையும் கப்பலினர்க்கு விற்றனர். மாதக்கணக்காகக் கடலில் அலைந்து வந்த கப்பலினர் புதிய உணவைக் கண்டவிடத்துப் பேரம் பேசி நில்லார். எனவே கப்பலினர் கொடுத்த விலையே ஊர் விலையாயிற்று. தீவில் விளைந்த பொருளைத் தீவினரே வாங்கவியலாத நிலை இவ்வாறு தோன்றியது.

1808ஆம் ஆண்டு முதல் 1813ஆம் ஆண்டுவரை தேசாதிபதியாயிருந்த அலெக்சாந்தர் பீற்சன் இந்நிலையை நுணுகி ஆராய்ந்தவர். இவர் முன்னர் சென்னைப் படையிற் பணிபுரிந்து, 1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தானுக்கு எதிராக நடந்த போரிற் கலந்துகொண்டு, அப்போரைப் பற்றி நூலும் எழுதியவர். தீவின் பயிர்ச்செய்கை குன்றியதற்குக் கும்பனிப் பண்டசாலையே காரணம் என்பது இவர் கருத்து. கொண்டுவந்து சேர்க்கும் செலவிலும் குறைந்த விலைக்கு இறக்குமதிப் பொருள் கிடைக்குமாயின், கல்லும் முள்ளுமான சரிவுகளை யார் உழுவர்? இவர் உழவுத் தொழிலை ஊக்கினார். இவர் காலத்தில், 1810ஆம் ஆண்டு முதல், சீனத் தொழிலாளர் வருவிக்கப்பட்டனர். மதுபானம் காய்ச்சுதலையும் இவர் தடுத்தார். ஆயினும், குடியும் உணவும் பற்றிய மனக்குறை படைவீரரிடையே வளர்ந்து 1811ஆம் ஆண்டு நத்தார் காலத்திற் கலகமாய் வெடித்தது. கலகம் விரைவில் அடக்கப்பட்டது. தலைவர் சிலர் மரண தண்டனை பெற்றனர். நோக்கம் நன்றாயினும், பிறர் கொடுக்கும் சலுகை விலையில் வாழப் பழகிய ஒரு சமூகத்தை அவ்விலையினின்றும் பிரித்தல் எத்துணை அரிது என்பதற்கு இக்கலகம் சான்றாகும்.

நெப்போலியன் காலத்துச் செழிப்பு

1815ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் நெப்போலியன் இத்தீவுக்குக் கொணரப்பட்டான். அவனோடு பரிவாரத்தினரும், காவலுக்கெனப் படைகளும், கரையைச் சுற்றிக் காவல் புரியும் போர்க்கப்பல்களும் வந்தன. சிறு தீவொன்றில் உண்போர் தொகை திடீரெனப் பெருகியது. உள்ளூர் விளைவு அதற்கு ஈடுகொடுக்க இயலாமையாற் பொருள்கள் அருகின, விலை ஏறிற்று.

இக்காலத்து வாழ்க்கைச் செலவை விளக்குவதற்கு நெப்போலியன் வாழ்ந்த லோங்வுட் மாளிகையின் கணக்கே போதும். அம்மாளிகையின் செலவுக்கு ஆண்டொன்றுக்கு 8,000 பவுண் போதுமென இலண்டன் அரசாங்கம் வரையறுத்தது. 1816ஆம் ஆண்டிற் பதவியேற்ற தேசாதிபதி ஹட்சன் லோ, அத்தொகை போதாதென்பதைத் தாமே உணர்ந்து 12,000 பவுணாக உயர்த்தினார். அதுவும் போதாதெனப் பூசல் எழுந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் நெப்போலியன் தன் வெள்ளிப் பாத்திரங்களை உடைப்பித்து யேம்ஸ்ரவுணில் விற்பனைக்கு அனுப்பினான். ஐரோப்பாவின் இரக்கத்தைப் பெறுதற்குச் செய்த உபாயம் இது என்பர் பலர், அஃது உண்மையே. எனினும், 12,000 பவுண் கொண்டும் ஒரு குடும்பத்தார் குறைப்பாட்டை முறையிடத்தக்க இடம் ஒன்று இருந்தது என்பதும் உண்மையே.

அதே காலத்துக் குடிகளின் நிலை யாது? 1817ஆம் ஆண்டுக் கணக்கின்படி தீவில் வெள்ளையர் 821 பேர். அடிமைகளோ 1,540 பேர். கட்டுநீங்கிய கறுப்பினத்தார் 500 பேரும், சீனத் தொழிலாளர் அறுநூற்றுவர்க்கு மேலும் இருந்தனர். விலையேற்றத்தால் இலாபம் அடைந்தோர் நிலமும் கடையும் உடையோர் சிலரே. தன் உழைப்பையும் தன்னுடையதெனக் கூறவியலாத அடிமைக்குச் செழிப்பினாற் கிடைத்தது மிகையான வேலையன்றிப் பிறிதில்லை. 1818ஆம் ஆண்டு நத்தார் தினத்துக்குப் பின் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் உரிமையுடையோராவர் என லோ ஏற்பாடு செய்தார். 1832ஆம் ஆண்டிற் கும்பனியார் எஞ்சிய அடிமைகள் 614 பேரை விலைகொடுத்து விடுவித்தனர்.

1821ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி நெப்போலியன் இறந்தான். படைகளும் கப்பல்களும் பரிவாரமும் நீங்கின. ஆறு ஆண்டுகளாக அவர்கள் பொருட்டு வளர்ந்த வாணிகம் உடனே சுருங்கியது. வந்துறைவோரை நம்பிய செழிப்பு எத்துணை விரைவில் மறையும் என்பதைத் தீவினர் அன்று முதன்முறையாகக் கண்டனர்.

கும்பனியார் நீங்கியபின்

இரண்டாவது வீழ்ச்சி இதனினும் கொடியது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1834ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 22ஆந் திகதி தொடக்கம் தீவு பிரித்தானிய முடிக்கு உரியதாயிற்று. 1836ஆம் ஆண்டில் முடியின் தேசாதிபதி மிடில்மோர் வந்து பொறுப்பேற்றார். கும்பனியார் உத்தியோகத்தர் பலர் நீக்கப்பட்டனர், செலவு குறைக்கப்பட்டது, புதிய நிருவாகத்தின் சம்பளங்களும் சிறியனவாயின. கும்பனியார்க்குத் தீவு வாணிகக் கருவியாயிருந்தது. இலண்டன் கருவூலத்துக்கோ அது செலவினம் ஒன்றாகவே தோன்றியது. இயன்றவர் நன்னம்பிக்கை முனைக்குக் குடிபெயர்ந்தனர், ஏழைகளே எஞ்சினர். உழைக்கும் வல்லமையுடையோர் நீங்க, இயலாதோர் தங்கும் இவ்வழக்கம் அன்று தொடங்கித் தீவின் நிரந்தர நோயாயிற்று.

1840ஆம் ஆண்டு முதல், பிரித்தானியக் கடற்படை பிடித்த அடிமைக் கப்பல்களிலிருந்த ஆபிரிக்கர் இங்கு இறக்கப்பட்டனர். அவர் தொகை ஏறக்குறைய இருபத்தையாயிரம். நோயும் பசியும் கொண்டு வந்த அவருள் ஆயிரக்கணக்கானோர் ரூப்பேட் பள்ளத்தாக்கிலே புதைக்கப்பட்டனர். பிழைத்தோருட் பெரும்பாலோர் மேற்கிந்தியத் தீவுகள் முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். இவ்வேற்பாட்டின் பொருட்டு வந்த அரசாங்கப் பணம் வாணிகர் சிலரைத் தாங்கியது. ஆனால் அவ்வாறு பிடிபட்ட கப்பலொன்றின் மரத்தோடு கறையானும் வந்திறங்கி, அடுத்த சில பத்தாண்டுகளில் யேம்ஸ்ரவுணின் வீடுகளை அரித்து வீழ்த்திற்று. மரம் அருகிய தீவில் மீண்டும் வீடு கட்டும் பொருள் யாவும் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது.

நீராவிக் கப்பலின் வளர்ச்சியும், 1869ஆம் ஆண்டிற் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டமையும் மூன்றாவது அடியாயின. கீழைநாட்டுக் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றவேண்டிய தேவை அற்றது. 1855ஆம் ஆண்டில் 1,100 கப்பல்கள் தொட்ட துறையை 1889ஆம் ஆண்டில் 288 கப்பல்களே தொட்டன. கொழும்பு துறைமுகத்தை உலகக் கப்பற்பாதையின் நடுவே வைத்த அதே கால்வாய் சென் ஹெலினாவைப் பாதையினின்றும் நீக்கியது. தீவின் மண்ணில் யாதொரு மாறுதலும் நிகழ்ந்திலது. வழி மாறியது, வாழ்வு மாறியது.

கைதிகளும் நாரும்

1900ஆம் ஆண்டில் மீண்டும் ஒருமுறை புறநாட்டார் வரவாற் செழிப்பு வந்தது. தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போவர் கைதிகள் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் இங்கு கொணரப்பட்டனர். அதே போரின் கைதிகளுள் ஐயாயிரம் பேரளவில் இலங்கையிலே தியத்தலாவை முதலிய இடங்களிற் சிறைவைக்கப்பட்டமை வரலாறு கற்போர் அறிந்தது. இலங்கைக்கு அத்தொகை சிறிது. சென் ஹெலினாவுக்கோ அது மக்கட்டொகையை ஏறக்குறைய மூன்று மடங்காக்கிய பெருக்கம். 1901ஆம் ஆண்டிலே தீவிலிருந்தோர் 9,850 பேர். அதற்கு முன்னும் பின்னும் அத்தொகை எட்டப்பட்டதில்லை. போர் முடிந்ததும் கைதிகள் நீங்கினர். 1906ஆம் ஆண்டிற் காவற்படையும் திரும்பப் பெறப்பட்டது. தீவினர் மூன்றாம் முறையாக வெறுங்கையோடு நின்றனர்.

தீவில் விளையும் பொருளொன்றாற் பிழைக்கும் முயற்சி அதன்பின் உறுதியாக மேற்கொள்ளப்பட்டது. 1907ஆம் ஆண்டில் அரசாங்கம் நியூசிலாந்து நார்ச்செடியைப் பதனிடும் ஆலையொன்றை அமைத்தது. கயிறும் நூலும் செய்தற்குரிய அந்நாருக்கு இரு உலகப் போர்களும் நல்ல விலை அளித்தன. பிரித்தானியத் தபாற்பகுதியார் கடிதக்கட்டுகளைக் கட்டும் நூலுக்கு இதனைக் கொண்டனர். சரிவுகள் எங்கும் நார்ச்செடி பரந்தது. உணவுப்பயிர்க்கும் மேய்ச்சலுக்கும் உதவக்கூடிய நிலமும் அதன்கீழ் வந்தது. நார் வெளியே சென்றது, அரிசியும் மாவும் உள்ளே வந்தன. 1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலே தபாற்பகுதியார் செயற்கை நூலுக்கு மாறினர். 1966ஆம் ஆண்டளவில் ஆலைகள் யாவும் மூடப்பட்டன. ஒரு பொருளையும் ஒரு கொள்வோரையும் நம்பிய கைத்தொழிலின் முடிவு இவ்வாறாயிற்று.

அதன்பின் தீவின் முதன்மையான ஏற்றுமதி மனித உழைப்பேயாயிற்று. அசென்சன் தீவில் 1942ஆம் ஆண்டில் அமெரிக்கர் விமானத்தளம் அமைத்தனர். தந்திக் கம்பனியாரும் வானொலியாரும் அங்கு நிலையங்கள் வைத்தனர். சென் ஹெலினாவினர் அங்கு கூலிக்குச் சென்றனர். அசென்சனில் நிரந்தரமாய்க் குடியிருக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. வேலை உள்ளவரையே இருப்பு. 1982ஆம் ஆண்டுப் போரின் பின்னர் போக்லாந்துத் தீவுகளுக்கும் பலர் சென்றனர். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் இழந்த முழுப் பிரித்தானியப் பிரசாவுரிமை 2002ஆம் ஆண்டிலே திரும்பக் கிடைத்தபோது, இங்கிலாந்தின் வாயிலும் திறந்தது. 1998ஆம் ஆண்டில் ஐயாயிரத்துக்கு மேலிருந்த மக்கட்டொகை பத்தாண்டுகளுள் 4,300 அளவிற்குச் சுருங்கியது.

இருவகைச் சம்பளம்

தீவின் பிள்ளைகள் வெளியே செல்ல, வெளிநாட்டு உத்தியோகத்தர் உள்ளே வருகின்றனர். வைத்தியர், ஆசிரியர், பொறியியலாளர், கணக்காளர், சட்ட அறிஞர் முதலியோர் பிரித்தானியாவிலிருந்தும் தென்னாபிரிக்காவிலிருந்தும் ஒப்பந்தத்தின்பேரில் வருவிக்கப்படுகின்றனர். தம் நாட்டில் பெறக்கூடிய சம்பளத்துக்குக் குறைந்ததைப் பெற்று அவர் இத்துணைத் தொலைவுக்கு வரார். ஆகவே அவர் வேதனமும் பயணச்செலவும் பெரும்பாலும் பிரித்தானிய உதவிப் பணத்தினின்றும் வழங்கப்படுகின்றன. தீவில் பிறந்த உத்தியோகத்தரோ உள்ளூர்ச் சம்பளப் படிமுறைக்கு உட்பட்டவர். அருகருகே அமர்ந்து ஒத்த பணி புரியும் இருவர் ஒவ்வாத சம்பளம் பெறுவர். இருவரும் ஒரே கடையில் ஒரே விலைக்குப் பொருள் வாங்குவர். தீவின் பொருளாதாரத்தில் மிகுந்த மனக்கசப்பை விளைப்பது இதுவே.

அவ்விலை எவ்வாறு அமைகின்றது என்பதும் நோக்கற்பாலது. தீவின் நாணயமாகிய சென் ஹெலினாப் பவுண் பிரித்தானியப் பவுணுக்குச் சமமானது. உணவும் உடையும் வீட்டுப் பொருளும் பெரும்பாலும் கேப்ரவுணிலிருந்து கப்பலில் வருகின்றன. ஆதலின், ஒரு பொருளின் விலையில் தென்னாபிரிக்கக் கொள்விலை, றாண்ட் நாணயத்தின் மாற்றுவீதம், கப்பற்கூலி, சுங்கத்தீர்வை, சிறிய சந்தையில் சில வணிகர் வைக்கும் இலாபம் ஆகிய ஐந்தும் அடங்கியுள்ளன. இவற்றுள் எதுவும் தீவிற் குடியானவன் ஒருவனின் கைக்குள் அடங்கியதன்று. கடலில் மீன் உண்டு. கிழங்கும் கீரையும் ஓரளவு விளைவதுண்டு. ஆயினும், கப்பல் தாமதித்தால் அலுமாரிகள் வெறுமையாகும். 1999ஆம் ஆண்டு நொவெம்பர் மாதத்தில் தீவுக்கு வரும் தபாற்கப்பல் பழுதுற்றுப் பிரான்சிய துறைமுகமாகிய பிறெஸ்ற்றில் தங்கியபோது, மக்கள் அஞ்சிக் கடைகளில் முண்டியடித்துப் பொருள் வாங்கினர்.

இந்நிகழ்ச்சியின்பின் ஆகாயவிமான நிலையம் வேண்டுமென்ற குரல் ஓங்கியது. 2011ஆம் ஆண்டில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. செலவு 285 மில்லியன் பவுணுக்கு மேல். 2016ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி மக்கட்டொகை 4,534. ஆகவே தீவினர் ஒருவருக்கு 60,000 பவுணுக்கு மேற் செலவிடப்பட்டதாகும். 2016ஆம் ஆண்டிலே திறக்கவிருந்த நிலையம், ஓடுபாதையருகிற் காற்று திடீரெனத் திசையும் வேகமும் மாறி வீசுவதாற் தடைப்பட்டது. 2017ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 14ஆந் திகதியே யோகனஸ்பேர்க்கிலிருந்து முதலாவது ஒழுங்கான பிரயாணி விமானம் வந்திறங்கியது. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தபாற்கப்பல் தன் இறுதிப் பயணத்தை முடித்தது. பிரயாணம் ஐந்தாறு நாட்களினின்றும் சில மணித்தியாலங்களாய்க் குறைந்தது. ஆனால் அரிசியும் எண்ணெயும் சீமெந்தும் விமானத்தில் வருவன அல்ல. அவை இன்றும் சரக்குக் கப்பலுக்கே காத்திருக்கின்றன. 2021ஆம் ஆண்டில் எடுத்த கணக்கிலே மக்கட்டொகை 4,439ஆகக் காணப்பட்டது.

வரலாறு காட்டும் உண்மை

இத்தீவின் வரலாற்றைத் தொகுத்து நோக்குவார்க்கு இரு செய்திகள் புலனாகும். முதலாவது, வாழ்க்கைச் செலவு என்பது ஒரு தொகையன்று, ஒரு விகிதம். 12,000 பவுண் பெற்ற மாளிகையாருக்கும் இது செலவுமிக்க தீவு. உள்ளூர்ச் சம்பளம் பெறும் தாதிக்கும் இது செலவுமிக்க தீவு. முன்னவர் முறையீட்டை உலகம் கேட்டது. பின்னவள் முறையிடுவதில்லை, போக்லாந்துக்கோ இங்கிலாந்துக்கோ செல்கின்றாள். அவள் சென்றதனால் ஏற்படும் வெற்றிடத்தை நிரப்புதற்கு மேலும் ஒரு வெளிநாட்டாரை உயர்ந்த சம்பளத்தில் வருவிக்க வேண்டியதாகின்றது. நோய்க்குக் கொடுக்கும் மருந்தே நோயை வளர்க்கின்ற நிலை இது.

இரண்டாவது, தூரம் இயற்கை செய்தது. சார்பு மனிதர் செய்தது. பண்டசாலையின் சலுகை விலையும், ஒற்றைப் பயிரும், இருவகைச் சம்பளமும் கடலின் குற்றங்களல்ல. 1733ஆம் ஆண்டில் அராபிய நாட்டு மோக்காவிலிருந்து கொணர்ந்த காப்பி இன்றும் தீவில் விளைந்து, சிறிதளவேயாயினும் உலகச் சந்தையில் உயர்ந்த விலை பெறுகின்றது. 2021ஆம் ஆண்டிற் கரைசேர்ந்து 2023ஆம் ஆண்டு முதற் பயன்படும் கடலடித் தந்தியிழை, கப்பற்கூலி வேண்டாத தொழில்களுக்கு வழிதிறந்துள்ளது. இவற்றால் வரும் ஊதியம் தீவிற் பிறந்தார் கையிற் சேருமாயின், அவர் ஊரில் வாழ்தற்கு ஊரே இடங்கொடுக்கும். வந்துறைவோர் கையிலேயே தங்குமாயின், கும்பனியார் நாளிலும் நெப்போலியன் நாளிலும் போவர் நாளிலும் கண்ட கதையே நான்காம் முறையும் நிகழும். ஒரு நாட்டின் செழிப்பை அளத்தற்கு அங்கு வந்தோர் எவ்வளவு செலவிட்டனர் என்பதை மாத்திரம் எண்ணுதல் போதாது. அங்கு பிறந்தோர் எத்துணைப் பேர் அங்கேயே வாழ இயன்றது என்பதையும் எண்ணுதல் வேண்டும்.